லேப் நீந்தும், கிணற்றுப் படி ஏறாது

கோபிப் பக்கம் எங்கள் அப்புச்சி தோட்டத்துக் கிணற்றில் ஒருநாள் எங்கள் லேப், அதாவது லேப்ரடார் நாய், குதித்துவிட்டது. தேங்காய் ஒன்று தண்ணீரில் விழுந்த சத்தம்தான் காரணம். "லேப்தானுங்களே, நல்லா நீந்தும், பதறாதீங்க" என்றார் தண்ணி கட்டிக்கொண்டிருந்தவர். நீந்தத்தான் செய்தது. சுற்றிச் சுற்றி வந்தது. ஆனால் சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் படிக்கற்கள் மனிதர் காலுக்கு வைத்தவை. முன்னங்காலைக் கல்மேல் போடும், வழுக்கும், மறுபடி ஒரு சுற்று. முதலில் முதுகு முழுக்கத் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. கால் மணி நேரத்தில் இடுப்பு அமிழ்ந்து தலை மட்டும் தெரிந்தது. இரண்டு பேர் இறங்கி, கயிறு கட்டிய கூடையில் உட்கார வைத்துத்தான் மேலே தூக்கினோம்.

எங்கள் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் செய்கிற முதல் தவறு இதுதான். ஜாதியைப் பார்த்துத் தைரியமாக இருந்துவிடுவது. நீந்துவதற்கு உடம்பு உதவும். கரையேற கரைதான் உதவ வேண்டும்.

லேப்ரடாரின் உடம்பு எப்படி உதவுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். பெயர் லேப்ரடார் என்றாலும் அதன் முன்னோர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு இருந்தவை. வலைக்கயிற்றை இழுக்கவும், நழுவின மீனைக் கவ்வி வரவும் குளிர்ந்த கடலில் இறங்கிய நாய்கள். 1800களின் தொடக்கத்தில் அவை இங்கிலாந்துக்குப் போயின. அங்கே கென்னல் கிளப் 1903இல் லேப்ரடாரைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. அந்தக் கடல் வேலைக்கான அடையாளங்கள் இன்றும் அதன் உடம்பில் இருக்கின்றன. வால், அடியில் தடித்து நுனி நோக்கிச் சிறுத்து, நீர்நாயின் வால் போல இருக்கும். திரும்பும்போது அதுதான் சுக்கான். முடி இரண்டு அடுக்கு. உள்ளே பஞ்சு மாதிரி நெருக்கமான முடி, வெளியே எண்ணெய்ப் பசையுள்ள முரட்டு முடி. தண்ணீர் தோல்வரைக்கும் சுலபத்தில் போகாது. உள்முடிக்குள் தங்கும் காற்று குளிரையும் தடுக்கும். போதாததற்குத் தோலுக்கடியில் கொழுப்பு உண்டு, அது மிதக்கவும் உதவும்.

இனி விரலிடைத் தோல் கதை. நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்கள் காலைப் பிரித்துப் பார்த்து, "வாத்துக்கால் மாதிரி இருக்குது, இது நீந்தும்" என்று முடிவு கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். விரல்களுக்கு நடுவே கொஞ்சம் தோல் எல்லா நாய்க்கும் இருக்கும், நம் தெருநாய்க்கும்தான். நியூஃபவுண்ட்லாந்து, லேப், போர்ச்சுகீசிய வாட்டர் டாக் போன்ற இனங்களுக்கு அது நுனிவரை நீண்டு துடுப்பு மாதிரி விரியும், அவ்வளவுதான் வித்தியாசம். அமெரிக்காவில் ஃபிராங்க் ஃபிஷ் என்ற உயிரியலாளர் (பெயரிலேயே மீன்!) சின்ன யார்க்‌ஷயர் டெரியர் முதல் பெரிய நியூஃபவுண்ட்லாந்து வரை நீந்த விட்டுப் படம் பிடித்துப் பார்த்தார். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் காலை அடித்தன. தரையில் குறுக்குக் கால்களை மாற்றி வைத்து ஓடும் அதே தாளம், வீச்சு மட்டும் அதிகம். ஆக, காலடிப்பது எல்லா நாய்க்கும் வரும். எவ்வளவு நேரம் தாங்கும், மூக்கு மேலே நிற்குமா என்பதில்தான் இனத்துக்கு இனம் வேறுபாடு.

மூக்கு என்றதும் பக்‌ ஞாபகம் வருகிறது. ஒரு காலத்தில் செல்போன் விளம்பரம் பார்த்துவிட்டுக் கோவையில் வீட்டுக்கு வீடு வாங்கினார்கள். பக்‌, புல்டாக், ஃபிரெஞ்ச் புல்டாக் மூன்றுக்கும் முகம் தட்டை. மூச்சு விட மூக்கை அண்ணாந்து தூக்கியாக வேண்டும். தலையைத் தூக்கினால் பின்பக்கம் அமிழும். புல்டாகுக்குத் தலையும் நெஞ்சும் வேறு கனம், கால் குட்டை. விரலிடைத் தோல் எவ்வளவு இருந்தும் பிரயோஜனம் இல்லை. "தண்ணியில் போட்டால் தானே கத்துக்கும்" என்று அதைத் தூக்கி எறிவது விளையாட்டல்ல, கொலை முயற்சி. டேக்‌ஷண்ட், பாசெட் மாதிரி நீள உடம்பும் குட்டைக் காலும் உள்ளவையும் சீக்கிரம் களைக்கும்.

நம்மூரில் இப்போது தோட்டத்து வீடுகளில் சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் நிறைய வந்துவிட்டன. தெற்கத்தி நாய்கள், ஓட்டத்துக்கும் வேட்டைக்கும் வளர்த்தவை. நல்ல ஓட்டக்காரன் நல்ல நீச்சல்காரனாகவும் இருப்பான் என்று நினைக்கிறோம். சிப்பிப்பாறையைத் தடவிப் பாருங்கள். விலா எலும்பு கையில் தட்டும், கொழுப்பே கிடையாது, முடியும் மெல்லிசு. ஓடுவதற்கு வரமாக இருக்கிற அதே உடம்பு தண்ணீரில் தாழ்ந்து நிற்கும், சீக்கிரம் நடுங்கும். நீந்தாது என்று சொல்லவில்லை. மார்கழிக் காலையில் பவானியில் இறக்கிவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள் என்கிறேன்.

சித்திரை வெயிலில் லேப்புக்குப் பாவம் பார்த்து மொட்டையடிப்பதும் நடக்கிறது. அந்த இரண்டு அடுக்கு முடி குளிருக்கு மட்டுமல்ல, வெயில் நேராகத் தோலில் படாமலும் காக்கிறது. வழித்தால் சிலசமயம் பழையபடி வளராது. சீப்பு போட்டு உதிர்ந்த உள்முடியை எடுத்துவிட்டாலே போதும். பூடில் விஷயம் வேறு. அதுவும் ஒரு காலத்தில் வாத்து வேட்டைக்குத் தண்ணீரில் இறங்கின நாய்தான். உடம்பைச் சிரைத்து மூட்டுகளில் மட்டும் பொம்மென்று முடி விடும் அந்த அலங்காரம், நீந்தச் சுலபமாகவும் மூட்டுக்குக் குளிர் ஏறாமலும் இருக்கச் செய்த ஏற்பாடு என்று சொல்வார்கள். கோவை ஆர்.எஸ். புரம் பூடிலுக்கு அதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை.

இடம் பார்க்காமல் தண்ணீரில் இறக்குவது அடுத்த தவறு. ஓடும் வாய்க்காலில் நாய் தண்ணீரை எதிர்த்து, விட்ட இடத்துக்கே திரும்பி வரப் பார்க்கும். அதிலேயே பலம் போய்விடும். மண்கரை என்றால் எங்காவது சரிவு கிடைக்கும், நகம் பிடிக்கும். காரை பூசின சரிவுக் கரையில் பாசி வழுக்கும், நகத்துக்குப் பிடியே இல்லை. கீழ்பவானி, பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால்களில் காரை போட்ட பகுதிகள் உண்டு, தண்ணீர் விட்டிருக்கும் நாளில் அங்கே நாயை அவிழ்த்து விடாதீர்கள். படித்துறை உள்ள இடமாகப் பாருங்கள். நொய்யல் பற்றிச் சொல்லவே வேண்டாம், சாயத் தண்ணீருக்காக உயர் நீதிமன்றம் 2011இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஆறு அது. பச்சைப் பெயின்ட் ஊற்றினது போலப் பாசி படிந்த குட்டையும் ஆகாது. சிலவகை நீலப்பச்சைப் பாசி நாயின் ஈரலையும் நரம்பையும் பாதிக்கும் நஞ்சு. தேங்கின தண்ணீரில் எலிக்காய்ச்சலும் உண்டு, தடுப்பூசி போடும்போது அதற்கும் சேர்த்துப் போட்டார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பந்தை மறுபடி மறுபடி வீசுகிறவர்களுக்கு ஒன்று. வாயைத் திறந்து கவ்வும் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் உள்ளே போகிறது. அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தள்ளாடும், வாந்தி எடுக்கும், வலிப்பும் வரலாம். பத்து நிமிஷம் விளையாடினால் கொஞ்ச நேரம் நிழலில் உட்கார வையுங்கள். பந்தைவிடத் தட்டையான பொருள் நல்லது, வாயை அவ்வளவு அகலமாகத் திறக்க வேண்டியிராது.

கரையேறினபின் காதைத் துடைக்க மறந்துவிடுகிறோம். மடிந்த காதுக்குள் ஈரம் நின்றால் நாலே நாளில் நாற்றமும் சொறியும் வரும். அப்புறம், ரொம்ப நேரம் நீந்தின லேப்புக்கு மறுநாள் வால் செத்தது போலத் தொங்கும். ஒடிந்துவிட்டதென்று எண்ணெய் போட்டு இழுத்து நீவுகிறார்கள். பெரும்பாலும் அது வால் அடித்தசை அசந்துபோவதுதான், ஓய்வு கொடுத்தால் சில நாளில் சரியாகும். சரியாகாவிட்டாலோ தொட்டால் கத்தினாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

சின்ன வயதில் எங்களுக்கு முதுகில் காய்ந்த சுரைக்காயைக் கட்டித்தான் கிணற்றில் இறக்கினார்கள், பிறகு பிளாஸ்டிக் கேன் வந்தது. நாய்க்கும் மிதவைச் சட்டை கிடைக்கிறது. முதுகில் கைப்பிடி உள்ளதாக வாங்குங்கள், ஆபத்தில் தூக்க அதுதான் பிடி. அந்தத் தேங்காய்ச் சம்பவத்துக்குப் பிறகு அப்புச்சி கிணற்றைச் சுற்றிக் கம்பிவேலி போட்டாயிற்று. உள்ளே தண்ணீர் மட்டத்தில் நாலு பழைய கேன்களைக் கட்டி ஒரு பலகையை மிதக்க விட்டிருக்கிறோம். மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் அதுவும் கூடவே போகும், நாயோ ஆட்டுக்குட்டியோ விழுந்தால் ஆள் வரும்வரை ஏறி நிற்கலாம். இதுவரை அதில் ஏறி உட்கார்ந்தது ஒரு ஆமை மட்டும்தான்.