'ரிட்டர்ன் வசதி வேண்டும்': ஒரு வரித் தேவையைப் பிரித்து எழுதிய விதம்

ஜவுளிக்கடை பில்லிங் மென்பொருளில் சிக்கல் வந்த இடம், கடை முதலாளி தன் தேவையாகச் சொன்ன ஒரே வரிதான்: 'ரிட்டர்ன் வசதி வேண்டும்.' அதை நம்பி எழுதிய நிரல் பழைய பில்லையே அழித்தது. ராத்திரி கல்லாக் கணக்கு உதைத்தது, ஸ்டாக்கும் பொருந்தவில்லை.

முதலாளியிடம் மறுபடி கேட்டுப் பயனில்லை. அவர் சொல்வது நடக்க வேண்டிய முறை. நடப்பது கவுண்டரில்தான் தெரியும். கேஷியர் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து, கம்பியில் குத்தியிருந்த 40 பில்களைப் புரட்டினேன். 'ரிட்டர்ன்' என்ற சொல்லுக்குள் மூன்று வேலைகள் இருந்தன: பணம் திருப்புவது, சைஸ் மாற்றுவது, டேமேஜ் துணியைச் சப்ளையருக்கு அனுப்புவது. கடைசி வேலைக்கும் வாடிக்கையாளருக்கும் சம்பந்தமே இல்லை!

பிறகு ஒவ்வொன்றையும் எண்ணோடு எழுதினேன். 'பில் 1182: சட்டை ரூ.1,000, ஜிஎஸ்டி 5%, மொத்தம் ரூ.1,050. சட்டை திரும்பி வந்தால் பழைய பில் அப்படியே இருக்கும், ரூ.1,050-க்குக் கிரெடிட் நோட் (பழைய பில் தொகையைக் கழித்துக் கடை தரும் சீட்டு) வரும். ஸ்டாக்கில் 1 கூடும்.' ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆம் பிரிவும் இதற்குக் கிரெடிட் நோட்டைத்தான் சொல்கிறது. கீழேயே விதிவிலக்குகள்: பில் தொலைந்தால்? இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்ற சலுகையில் ஒன்று மட்டும் திரும்பினால்? இந்த இரண்டாவது கேள்விக்குக் கடையிலேயே பதில் இல்லை. முதலாளி முடிவு சொல்லும்வரை அந்தப் பகுதியை நிரலாக்கவில்லை.

'வேகமாக இருக்கணும்' என்ற இன்னொரு தேவையையும் இப்படி எண்ணோடு மாற்றினேன்: பார்கோடு அடித்த 2 நொடிக்குள் விலை திரையில் வர வேண்டும், தீபாவளிக் கூட்டத்தில் 6 கவுண்டரும் ஓடும்போது.