நீரிலிருந்து சிட்ரிக் அமிலத்தை அமீன் கொண்டு பிரித்தெடுக்கும் முறை

ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்னும் பூஞ்சையை வளர்த்துப் பெறும் நொதிநீரில் சுண்ணாம்பைச் சேர்த்து, சிட்ரிக் அமிலத்தைக் கால்சியம் சிட்ரேட்டாகப் படியவைத்து, பின்பு கந்தக அமிலத்தால் அதை விடுவிப்பது பழைய வழி. அந்த வழியில் ஒரு டன் அமிலத்துக்கு, வேதிச் சமன்பாட்டின்படியே, ஏறத்தாழ 1.34 டன் ஜிப்சம் கழிவாகச் சேர்கிறது. அமிலத்தைக் குளிர்ந்த நிலையில் அமீன் (நைட்ரஜன் கொண்ட, காரத்தன்மையுள்ள கரிமச் சேர்மம்) கரைசலுக்குள் இழுத்து, சூடான நீரால் அதையே மீட்கும் முறைக்கு 1981-இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. சுண்ணாம்பும் கந்தக அமிலமும் செலவாகாத இம்முறையை ஆய்வகத்தில் சிறிய அளவில் செய்து பார்க்கும் வழியை இங்கே தருகிறேன்.

டிரைஆக்டைல் அமீன் போன்ற மூவிணைய அமீனின் (நைட்ரஜனுடன் மூன்று கார்பன் தொடர்கள் இணைந்தது) நைட்ரஜன், பிரிகையடையாத, அதாவது அயனிகளாகப் பிரியாத, அமில மூலக்கூறிலிருந்து புரோட்டானை ஏற்கிறது. அவ்வாறு உருவாகும் அயனி இணை, அமீன் கரைந்துள்ள எண்ணெய் அடுக்கிலேயே (கரிம அடுக்கு) தங்கிவிடுகிறது. சிட்ரிக் அமிலத்தின் முதல் பிகேஏ மதிப்பு (அமிலத்தில் பாதி பிரிகையடைந்திருக்கும் பிஎச்) 3.13 என்பதால், நீரின் பிஎச் அதற்குக் கீழே இருந்தால்தான் பெரும்பகுதி பிரிகையடையாமல் இருக்கும். பிஎச்சைக் குறைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையோ கந்தக அமிலத்தையோ அளவின்றி ஊற்றுவது தவறு. வலிமை மிக்க அந்த அமிலங்கள் முதலில் அமீனைப் பிடித்துக்கொள்ள, சிட்ரிக் அமிலம் நீரிலேயே நின்றுவிடும்.

கரிமக் கரைசலுக்கு 17.7 கிராம் டிரைஆக்டைல் அமீனையும் 30 மில்லிலிட்டர் 1-ஆக்டனாலையும் எடுத்து, மண்ணெண்ணெய் சேர்த்து 100 மில்லிலிட்டராக்கினால் அமீனின் செறிவு லிட்டருக்கு 0.5 மோலாக அமையும். ஆக்டனாலை வீண்செலவு என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. அமீனும் அமிலமும் சேர்ந்த பொருள் வெறும் மண்ணெண்ணெயில் சரியாகக் கரைவதில்லை. கரிம அடுக்கே இரண்டாகப் பிளந்து, நீருக்கும் எண்ணெய்க்கும் நடுவே பிசுபிசுப்பான மூன்றாம் அடுக்கு ஒன்று தோன்றும். அது தென்பட்டால் அந்த அளவீட்டை ஏற்காமல், ஆக்டனாலைக் கூட்டி மீண்டும் தொடங்க வேண்டும்.

லிட்டருக்கு 0.2 மோல் செறிவுள்ள சிட்ரிக் அமிலக் கரைசலில் 50 மில்லிலிட்டரையும் அதே அளவு கரிமக் கரைசலையும் பிரிபுனலில் இட்டு, 25 °செ வெப்பநிலையில் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திக் கலக்குங்கள். வேகமாகக் குலுக்கினால் பால்மம் (எண்ணெயும் நீரும் நுண்துளிகளாகக் கலந்த பால்போன்ற கலவை) உருவாகிப் பிரிய மறுக்கும். உண்மையான நொதிநீரானால் பூஞ்சை இழைகளை முன்னதாகவே வடிகட்டி நீக்குவது அவசியம். அடுக்குகள் தெளிந்தபின், கீழே நிற்கும் நீரில் 5 மில்லிலிட்டரை எடுத்து, பீனால்ப்தலீன் என்னும் நிறங்காட்டியைச் சேர்த்து, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்க்க (நிறம் மாறும்வரை காரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அமிலத்தை அளக்க) வேண்டும். தொடக்கக் கரைசலுக்கு 30 மில்லிலிட்டர் காரம் செலவாகும், ஏனெனில் ஒரு சிட்ரிக் மூலக்கூறு மூன்று புரோட்டான்களைத் தரும். பிரித்தெடுத்தபின் 6 மில்லிலிட்டர் மட்டுமே செலவாகிறது என்று கொண்டால், நீரில் எஞ்சிய செறிவு லிட்டருக்கு 0.04 மோல், எண்ணெய்க்குச் சென்றது 0.16, இவ்விரண்டின் விகிதமான பங்கீட்டுக் குணகம் 4. குணகம் மாறாதிருப்பதாகக் கொண்டால், ஒரே முறையில் 80 விழுக்காடு தரும் அதே கரைப்பானை மூன்று சம பங்காக்கி அடுத்தடுத்துப் பயன்படுத்தும்போது 92 விழுக்காடு கிடைக்கும். கரைப்பானைப் பிரித்துப் பயன்படுத்துவதன் பயனை இக்கணக்கே காட்டிவிடுகிறது.

பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். என் கருத்தில் அமீனைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலே இதற்குப் பின்னர்தான் வருகிறது: அமிலத்தை எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்பதைவிட, எவ்வளவு எளிதாக விடுகிறது என்பதே முக்கியம். சோடியம் ஹைட்ராக்சைடால் கழுவினால் அமிலம் முழுவதும் வெளியேறும். ஆனால் கிடைப்பது சோடியம் சிட்ரேட். அதை மறுபடி அமிலமாக்க வேறோர் அமிலம் தேவைப்படுவதால், தவிர்க்க விரும்பிய உப்புக் கழிவே திரும்ப வந்து சேரும். பிணைப்பின்போது வெப்பம் வெளிப்படுவதால், சூட்டில் சமநிலை நீரின் பக்கம் திரும்புகிறது என்னும் இயல்பை இங்கே பயன்படுத்த வேண்டும். அமிலம் ஏறிய கரிம அடுக்கைச் சம அளவு நீருடன் குடுவையில் இட்டு, நீர்த்தொட்டியில் 80 °செ வரை சூடாக்கிக் காந்தக் கலக்கியால் கலக்குங்கள். மண்ணெண்ணெய் எளிதில் தீப்பற்றும் என்பதால் திறந்த சுடர் அருகில் இருக்கக் கூடாது. புகைபோக்கிப் பெட்டிக்குள் வேலை செய்ய வேண்டும். குடுவையை இறுக மூடிச் சூடாக்கவும் கூடாது. முன்கூட்டியே சூடாக்கிய பிரிபுனலில் ஊற்றி, ஆறுவதற்குள் நீரைப் பிரித்துவிடுங்கள். ஆறவிட்டால் அமிலம் மீண்டும் எண்ணெய்க்குத் திரும்பிவிடும்.

ஒரு முறை கழுவுவதால் முழு அமிலமும் வெளிவராது. புதிய சூடான நீரால் மீண்டும் கழுவி, ஒவ்வொரு பகுதியையும் தரம்பார்த்து, கரிம அடுக்கில் எஞ்சியதைக் கணக்கிட வேண்டும். அதே கரைப்பானைக் குளிர்வித்து அடுத்த சுற்றுக்குப் பயன்படுத்தும்போது, முன்பு எஞ்சிய அமிலத்தையும் கணக்கில் சேர்த்துப் பங்கீட்டுக் குணகத்தை மறுபடி அளந்து பாருங்கள். அது சுற்றுக்குச் சுற்று குறைந்தால், கரைப்பானைச் சோடியம் கார்பனேட் கரைசலாலும் பின்பு வெறும் நீராலும் கழுவி, ஒட்டிக்கொண்டிருக்கும் கனிம அமிலத்தை நீக்கியபின் தொடருங்கள்.