ஏவ்பரியைச் சுற்றி 10 கிலோமீட்டர்: உயிர்வேலிக்கு எந்தப் பக்கம் நடப்பது?

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் இருக்கும் ஏவ்பரிக்கு மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை, கற்காலத்தில் பெரிய கற்களை வட்டமாக நட்டு வைத்த கல்வட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாவது முறை சுற்றிலும் உள்ள வயல்வெளியில் நடக்கலாம் என்று கிளம்பி, பாதி வழியில் மாட்டிக்கொண்டேன். மூன்றாவது முறைதான் சுற்று முழுசாக முடிந்தது. ரோட்டோரப் பலகையை மட்டும் நம்பி நடந்து பழகியவர்கள், வரைபடம் பார்த்து வயலுக்குள் இறங்க ஆசைப்பட்டால் இந்த ஊரிலிருந்து தொடங்கலாம். ஷூ, தண்ணீர், மழைச்சட்டை பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். உலகத்திலேயே பெரிய கல்வட்டம் இங்கேதான் இருக்கிறது. ஊரின் ஒரு பகுதியே வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. தார் ரோடும் மதுக்கடையும்கூட உள்ளேதான். 18ஆம் நூற்றாண்டில் பல கற்களை நெருப்பில் சூடேற்றி, தண்ணீர் ஊற்றிப் பிளந்து, வீடு கட்ட எடுத்துக்கொண்டார்கள். 1930களில் அலெக்சாண்டர் கெய்லர் என்ற தொல்லியலாளர், குடும்பத்து மார்மலேட் வியாபாரத்தில் வந்த பணத்தைக் கொண்டு நிலத்தை வாங்கி, புதைந்து கிடந்த கற்களைத் தோண்டி நிறுத்தினார். கல்லே இல்லாத இடங்களில் சின்ன கான்கிரீட் தூண் நட்டிருக்கிறார். அந்தத் தூண்களையும் கற்களாக எண்ணிக்கொண்டு ஒரு சுற்று நடந்து பாருங்கள், வட்டத்தின் அளவு பிடிபடும்.

1. எந்த வரைபடம்

பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் 157. அளவு 1:25,000, அதாவது வரைபடத்தில் 4 சென்டிமீட்டர் என்றால் தரையில் 1 கிலோமீட்டர். இதே ஊருக்கு லேண்ட்ரேஞ்சர் 173 என்ற 1:50,000 தாளும் கிடைக்கும். நடப்பதற்கு அதை வாங்காதீர்கள். நான் முதலில் வாங்கியது அதைத்தான். காரணம் 3ஆம் படியில் வருகிறது.

போன் ஆப்பில் இதே வரைபடம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஆப் வேண்டும், நான் நிற்கும் இடத்தைக் காட்டுவதற்கு. காகிதமும் வேண்டும், அடுத்த 3 கிலோமீட்டரை ஒரே பார்வையில் பார்ப்பதற்கு. குளிரில் பேட்டரி விறுவிறுவென்று இறங்கும், மழையில் தொடுதிரை சொன்ன பேச்சைக் கேட்காது. ஒன்றைத்தான் எடுத்துப் போக முடியும் என்றால் நான் காகிதத்தைத்தான் எடுப்பேன்.

2. பச்சைக் கோடும் கருப்புக் கோடும்

குட்டிக் குட்டிப் பச்சைக் கோடுகள் தொடர்ந்து போனால் அது நடப்பவர்களுக்கான பொதுவழி. நீளமான பச்சைக் கோடுகள் என்றால் குதிரையும் சைக்கிளும்கூடப் போகலாம். தனியார் வயல் நடுவே போனாலும் அந்தக் கோட்டின்மேல் நடக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். 1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, மாவட்டம் போன்ற ஒவ்வொரு கவுண்டியும் இந்த வழிகளைப் பதிந்து அதிகாரபூர்வ வரைபடம் தயாரித்தது. பச்சைக் கோடுகளுக்கு அடிப்படை அதுதான்.

விட்டுவிட்டுப் போகும் கருப்புக் கோட்டுப் பாதை வேறு. அங்கே தரையில் ஒரு தடம் இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. நடக்க உரிமை உண்டா என்பதை அது சொல்லாது. கருப்புப் புள்ளி வரிசை ஒன்றும் வரும், அது பாரிஷ் என்ற சிற்றூர் நிர்வாகப் பிரிவின் எல்லை. தரையில் போய்த் தேடினால் அங்கே ஒன்றுமே இருக்காது.

கேட் கம்பங்களில் ஒட்டியிருக்கும் அம்புக்குறிகளில் மஞ்சள் நடைவழி, நீலம் குதிரைவழி.

3. வேலியின் எந்தப் பக்கம்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இங்கே வயலுக்கு வயல் உயிர்வேலிதான் வரப்பு. ஹாதார்ன், பிளாக்தார்ன் என்று முள்செடிகளை நெருக்கமாக வளர்த்திருப்பார்கள். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும், கை நுழைய இடம் இருக்காது, உள்ளே பல இடங்களில் முள்கம்பியும் ஓடும். அன்றைக்குக் கிழக்கு கென்னட் பக்கம் போகும்போது வேலியை ஒட்டி ஒரு தடம் தெரிந்தது. வரைபடத்திலும் பாதை கிழக்கே போகிறது, நானும் கிழக்கேதான் போகிறேன். சரியாகத்தானே இருக்கிறது என்று நடந்தேன். அரை மணி நேரம் கழித்து வயல் ஒரு மூலையில் முடிந்தது. இடப்புறம் முள், எதிரிலும் முள். வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் பேசிக்கொண்டே போகும் சத்தம் கேட்டது. நான் நடந்திருக்க வேண்டிய பாதை அதுதான். இருட்டத் தொடங்கியிருந்தது. வந்த வழியே முழுத் தூரமும் திரும்பி நடந்தேன்.

தவறு என்ன? 1:50,000 தாளில் வயல் எல்லைகளே கிடையாது. 1:25,000 தாளில் ஒவ்வொரு வேலியும், ஒவ்வொரு கல்சுவரும் மெல்லிய, இடைவெளி இல்லாத கருப்புக் கோடாக இருக்கும். பச்சைக் கோடு அந்தக் கருப்புக் கோட்டுக்கு வடக்கே ஓடுகிறதா, தெற்கே ஓடுகிறதா என்று தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிழக்கு நோக்கி நடக்கிறீர்கள், பச்சைக் கோடு தெற்கே இருக்கிறது என்றால் வேலி உங்கள் இடது கைப்பக்கம் வர வேண்டும். வலது கைப்பக்கம் வந்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள்.

பச்சைக் கோடு கருப்புக் கோட்டை வெட்டும் இடத்தில் ஒரு கேட்டோ ஸ்டைலோ இருக்கும். ஸ்டைல் என்பது வேலியில் ஏறி இறங்க வைத்திருக்கும் மரப்படி. கிளம்புவதற்கு முன்பே அந்த வெட்டும் இடங்களை எண்ணி, ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொள்கிறேன்: "வேலி இடது. இரண்டாவது கேட். பிறகு வேலி வலது." மூன்றாவது முறை அந்தத் துண்டுத்தாளைப் பார்த்தே நடந்தேன். வரைபடத்தை விரித்தது நாலு தடவைதான்.

வயல் நடுவே போகும் பாதையை விவசாயி உழுதிருந்தால் பயப்பட வேண்டாம். விதைக்க உழுதால் 14 நாளுக்குள் குறைந்தது 1 மீட்டர் அகலத்துக்குத் தடத்தைச் சரிசெய்து தர வேண்டும் என்பது சட்டம். தடம் தெரியாவிட்டாலும் பச்சைக் கோட்டின் நேரிலேயே நடக்கலாம்.

4. சுற்று

ஊருக்குத் தெற்கே உள்ள கார் நிறுத்தத்தில் தொடங்குங்கள். பஸ்ஸில் வருபவர்களுக்கு ஸ்விண்டனிலிருந்து 49. ஓடையை ஒட்டித் தெற்கே போகும் பாதையில் கால் மணி நேரத்துக்குள் சில்பரி ஹில் கண்ணில் படும். சுமார் 40 மீட்டர் உயரம். 4,400 வருடங்களுக்கு முன்பு மனிதர்கள் சுண்ணாம்புக்கல்லை அள்ளிக் கொட்டி எழுப்பிய குன்று. இதன்மேல் ஏறக் கூடாது. 1776இல் உச்சியிலிருந்து தோண்டிய பழைய குழி 2000ஆம் ஆண்டில் உள்வாங்கிவிட்டது. பாதையில் நின்று பார்த்தாலே போதும்.

ஏ4 சாலையைக் கவனமாகக் கடந்தால் மேட்டில் வெஸ்ட் கென்னட் நெடும்புதைகுழி. இறந்தவர்களைப் புதைக்க எழுப்பிய நீண்ட மண்மேடு. 100 மீட்டர் நீளம், உள்ளே ஐந்து கல் அறைகள், கிட்டத்தட்ட 5,600 வருடப் பழசு. தலையைக் குனிந்து உள்ளே போகலாம். டார்ச்சை உடனே அடிக்காமல் ஒரு நிமிடம் இருட்டில் நில்லுங்கள். கண் பழகியதும், பெரிய கற்களுக்கு நடுவே தட்டைக் கற்களை அடுக்கி இடைவெளியை அடைத்திருப்பது தெரியும். சேறு பூசவில்லை, சும்மா அடுக்கியதுதான். இன்றைக்கும் நிற்கிறது.

அங்கிருந்து கீழே இறங்கிக் கிழக்கு கென்னட், பிறகு ஓவர்டன் ஹில். இங்கே ரிட்ஜ்வே தொடங்குகிறது. வடகிழக்கே 139 கிலோமீட்டர் ஓடும் நெடும்பாதை. நமக்கு அதில் இரண்டரை கிலோமீட்டர் போதும். வலப்புறப் புல்வெளியில் ஆடுகள் படுத்திருப்பது போலத் தெரிவதில் பாதி கற்கள்தான். 'கிரே வெதர்ஸ்' என்று அவற்றுக்குப் பெயரே உண்டு. வெதர் என்றால் காயடித்த கிடா. இந்த மேட்டிலேயே கற்காலத்தில் கோடாரி தீட்டிய ஒரு கல்லும் இருக்கிறது. அரிவாள் தீட்டித் தீட்டிக் குழிந்த கல்லைப் பார்த்தவர்களுக்கு அந்த வரிகளைப் பார்த்ததும் விளங்கிவிடும்.

க்ரீன் ஸ்ட்ரீட் என்ற பழைய வழி குறுக்கே வரும் இடத்தில் இடது பக்கம் திரும்பினால் நேராகக் கல்வட்டத்துக்குள் கொண்டுபோய் விடும்.

மணிக்கு 5 கிலோமீட்டர் என்று ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் வகுத்த கணக்கை இங்கே அப்படியே போடாதீர்கள். சுண்ணாம்புச் சேறு ஷூவில் அப்பிக்கொண்டால் 3 கிலோமீட்டர் போவதே பெரிது. நான் நாலு மணி நேரம் ஒதுக்குவேன்.

பின்சேர்க்கை 1: அவசரத்தில் இருக்கும் இடத்தை எப்படிச் சொல்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அவசர உதவி எண்ணான 999க்குப் பேசும்போது, வரைபடத்தின் கட்டக் கோடுகளை வைத்து இடத்தைக் குறிக்கும் கிரிட் எண்ணைச் சொல்லுங்கள். முதலில் இடமிருந்து வலமாகப் போகும் எண், பிறகு கீழிருந்து மேலே போகும் எண். சில்பரி ஹில் என்றால் எஸ்யூ 100 685. எஸ்யூ என்பது இந்தப் பகுதிக்கான எழுத்துக்கள். இந்த ஆறு இலக்கம் 100 மீட்டர் சதுரத்துக்குள் உங்களைக் காட்டிவிடும்.

பின்சேர்க்கை 2: நாயோடு போன ஒருவரை மாடுகள் சூழ்ந்துகொண்டதாக எழுதியிருந்தார். கன்றோடு இருக்கும் மாடுகளுக்கு நாய்தான் பகை. நெருங்கினால் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பித்துக்கொள்ளும், நீங்கள் அமைதியாக வேலிப் பக்கம் நகருங்கள்.

பின்சேர்க்கை 3: பிப்ரவரியில் போனவர்களுக்கு ஓடையோரப் பாதை தண்ணீரில் மூழ்கிக் கிடந்ததாம். அந்த ஓடைக்கு வின்டர்போர்ன், அதாவது குளிர்கால ஓடை என்று பெயர். பெயருக்கு ஏற்ப, குளிர்காலத்தில் நிலத்தடி நீர் ஏறிய பிறகுதான் அந்த ஓடையில் தண்ணீர் ஓடும். கோடைக்கடைசியில் நான் நடந்தபோது காய்ந்து கிடந்தது. முழங்கால் பூட்ஸ் இல்லாதவர்கள் அந்த மாதங்களில் சுற்றைத் திருப்பி நடந்து, க்ரீன் ஸ்ட்ரீட்டில் தொடங்குங்கள். நெடும்புதைகுழி வரை போய்விட்டு, ஓடைப் பக்கம் இறங்காமல் வந்த வழியே திரும்பிவிடலாம்.