முழு லோடு, மலை ஏற்றம், மேலே ஏறும் முள்

சத்தியமங்கலம் பக்கம் பண்ணாரி தாண்டியதும் திம்பம் மலைப்பாதை தொடங்கிவிடும். 27 கொண்டை ஊசி வளைவு. ஏப்ரல் மாத வெயிலில் அந்த வழியாகப் போனால், ரேடியேட்டரில் ஆவி பறக்க ஓரங்கட்டி நிற்கும் லாரி ஒன்றாவது கண்ணில் படும். ‘இஞ்சின் சரியில்லை’ என்பார் ஓட்டுநர். எனக்கென்னவோ பாதி வண்டிகளில் இஞ்சின்மேல் தப்பே இல்லை, கியரைத்தான் லேட்டாகக் குறைத்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

புதிதாக லோடு வண்டி ஓட்டுகிறவர்கள் இதை மட்டும் முதலில் புரிந்துகொள்ளுங்கள். டீசல் எரிந்து வரும் சக்தியில் ஏறக்குறைய 40 சதவீதம்தான் வண்டியை இழுக்கப் போகிறது. மீதி எல்லாம் சூடு. அதில் ஒரு பங்கு சைலன்ஸர் வழியாகப் போய்விடும், இன்னொரு பங்கை இஞ்சினுக்குள் சுற்றி ஓடும் கூலண்ட் என்ற திரவம்தான் சுமந்து ரேடியேட்டருக்குக் கொண்டுவர வேண்டும். சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். மலையில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏது காற்று? ஃபேன் ஒன்றுதான் கதி. அந்த ஃபேனும் வாட்டர் பம்பும் இஞ்சின் சுற்றும் வேகத்தைப் பொறுத்துத்தான் சுற்றும். பெரிய கியரில் இஞ்சினைத் திணறவிட்டால் சூடு அதிகமாகும், அதே நேரத்தில் ஆற்றுகிற இரண்டும் சோம்பிவிடும்.

1. கிளம்பும் முன், இஞ்சின் ஆறியிருக்கும்போது

கூலண்ட் அளவைப் பாருங்கள். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வேண்டாம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் 107 டிகிரி வரை தாங்கும். ரேடியேட்டர் மூடி நன்றாக அழுத்தம் பிடித்தால் 120 டிகிரியையும் தாண்டும்.

அந்த மூடியைத்தான் யாரும் பார்ப்பதில்லை. கழற்றித் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு ரப்பர் வளையம், அதற்குமேல் ஒரு ஸ்பிரிங். நகத்தால் அழுத்தினால் ரப்பர் மெத்தென்று உள்வாங்கி மீள வேண்டும். கல் மாதிரி இறுகியிருந்தாலோ, வெடிப்பு விட்டிருந்தாலோ புது மூடி வாங்கிவிடுங்கள். அது செலவே இல்லை.

அடுத்து ரேடியேட்டர். முன்னால் நின்று பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். அதற்கு முன்னால், டர்போ இஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளும் காற்றை ஆற்றும் இன்டர்கூலர் இருப்பதால் இரண்டுக்கும் நடுவில்தான் வைக்கோல் தூசியும் செத்த பூச்சியும் அடைந்து கிடக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். இஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் பம்பை முழு அழுத்தத்தில் வைத்தால் தகடுகள் மடங்கிப் போகும்.

2. மலை அடிவாரத்திலேயே கியரைக் குறைப்பது

வண்டி திணறிய பிறகு கியரைக் குறைப்பதுதான் புதியவர்கள் செய்யும் தப்பு. ஏற்றம் கண்ணில் பட்டதுமே குறைத்துவிடுங்கள். இஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் மீட்டரில் பச்சைக் கோட்டின் மேல்பாதியில் முள் நிற்கிற மாதிரி ஒரு கியர். ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தும் வேகம் கூடவில்லையா? நீங்கள் ஏற்கெனவே ஒரு கியர் அதிகத்தில் இருக்கிறீர்கள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும்.

3. ஏறும்போது கண்ணும் காதும்

கூலண்டின் சூட்டைக் காட்டும் டெம்பரேச்சர் மீட்டரில், சாதாரணமாக 80 முதல் 95 டிகிரிக்குள் முள் நிற்கும். எங்கே நிற்கிறது என்பதைவிட, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று கவனியுங்கள். சூடு கூடியதும் ஃபேன் ‘ஹோ’வென்று இரைய ஆரம்பிக்கும். பயப்பட வேண்டாம், அது நல்ல சத்தம். முள் ஏறியும் அந்த இரைச்சல் வரவில்லை என்றால், ஃபேனை இஞ்சினோடு இணைக்கும் ஃபேன் கிளட்ச் போயிருக்கலாம்.

ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் ‘ஆறிவிட்டது’ என்று சந்தோஷப்படாதீர்கள். கூலண்ட் முழுக்கக் கொட்டிப்போய், சென்சார் காற்றில் நிற்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். உடனே ஓரங்கட்டுங்கள்.

பழைய இஞ்சினில் கரும்புகை தள்ளினால், உள்ளே வரும் காற்றில் எரியக்கூடியதைவிட அதிக டீசல் போகிறது, புகையின் சூடும் எகிறுகிறது. காலைத் தளர்த்துங்கள். பெரும்பாலும் பிஸ்டன் அலுமினியம்தான், அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். முழு இழுவையில் புகையின் சூடு அதையும் தாண்டிப் போகலாம். பல இஞ்சின்களில் உள்ளே ஆயில் பீய்ச்சி ஆற்றுவதும் பிஸ்டனைக் காப்பாற்றுகிறது.

4. சூடாகிவிட்டது, இப்போது?

முதலில் இன்னொரு கியர் குறையுங்கள், ஏசி இருந்தால் நிறுத்துங்கள். அப்படியும் அடங்கவில்லை என்றால் அகலமான வளைவாகப் பார்த்து ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் போடுங்கள். திம்பம் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. யானை நிற்கும், சுற்றிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இஞ்சினை உடனே அணைக்காதீர்கள். நியூட்ரலில் 1,000, 1,200 ஆர்பிஎம்மில் ஓடவிடுங்கள். அணைத்தால் கூலண்ட் ஓட்டம் நின்று, இஞ்சினின் மேல்பாகமான ஹெட்டில் தேங்கிய சூட்டில் அங்கேயே கொதிக்கும். டர்போவுக்குள் நிற்கும் ஆயிலும் கருகிக் கரியாகும். ஆனால் கூலண்ட் கொட்டினாலோ, ஆயில் சிவப்பு விளக்கு எரிந்தாலோ யோசிக்காமல் அணைத்துவிட வேண்டும்.

மூடியைத் தொடாதீர்கள். நான் கிளீனராக இருந்த காலத்தில், பத்து நிமிடம் ஆகிவிட்டதே என்று ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திருகினேன். பாதி திருகுவதற்குள் சாக்கோடு மூடி பறந்தது. முழங்கை வரை தோல் உரிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. “அவசரம்னா நடந்து போடா தம்பி” என்றார் எங்கள் டிரைவர் அண்ணன். முக்கால் மணி நேரமாவது ஆற வேண்டும். மேல் ஹோஸைக் கையால் பிடித்தால் சுடக் கூடாது, அமுக்கினால் மெத்தென்று அமுங்க வேண்டும். அப்புறம்தான் மூடி.

கொதித்த இஞ்சினில் குடம் குடமாய்ப் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கும். ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்து, ஐடிலில் ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

5. மேலே போன பிறகு

டீக்கு நிறுத்தும்போது மூன்று நிமிடம் ஐடிலில் விட்டுவிட்டு அணையுங்கள், டர்போ ஆறட்டும். டயர் சூடாகிக் காற்று கூடியிருக்கும். அதை இறக்கிவிடாதீர்கள், ஆறியதும் தானே குறையும்.

மறுநாள் காலையில் கூலண்ட் அளவை மறுபடி பாருங்கள். எங்கும் ஒழுகாமல் அளவு மட்டும் இறங்கியிருக்கிறதா, ஆயில் மூடியின் அடியில் பால் ஆடை மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அடுத்த லோடு ஏற்றாமல் பட்டறைக்கு விடுங்கள்.