டிஎஸ்எல்ஆர் வீடியோவை வெளி ரெக்கார்டரில் பதிவு செய்வது எப்படி?

வெளி ரெக்கார்டர் என்பது கேமராவின் எச்டிஎம்ஐ துளையில் கேபிளால் இணைத்து வீடியோவைத் தனியாகப் பதியும் கருவி. முதலில் பார்க்க வேண்டியது, கேமராவின் எச்டிஎம்ஐ வழியாகச் சுத்தமான படம் வருகிறதா என்பதை. ஃபோகஸ் கட்டம், பேட்டரி குறி எல்லாம் சேர்ந்து வந்தால் அவையும் பதிவாகிவிடும். பின்னால் அழிக்க வழியில்லை. மெனுவில் எச்டிஎம்ஐ அவுட்புட்டுக்குப் போய்த் தகவல் திரையை அணையுங்கள். கேனான் 5டி மார்க் 3-க்கு இந்த வசதி 2013-இல் ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) 1.2.1 மூலம்தான் வந்தது. ஆகவே பழைய கேமரா என்றால் அப்டேட்டைத் தேடிப் பாருங்கள்.

கேபிள் வாங்குமுன் கேமராவின் துளையைக் கவனியுங்கள்: மினியா, மைக்ரோவா? மைக்ரோ துளை சட்டென்று தளர்ந்துவிடும். கேபிள் லேசாக அசைந்தாலே சிக்னல் அறுந்து பதிவு நின்றுபோகும். கிளாம்ப் போட்டு இறுக்குவது கட்டாயம் என்றே சொல்வேன்.

கேமராவை நொடிக்கு 24 ஃபிரேமில் வைத்தாலும் சில மாடல்கள் 60i சிக்னலாகவே அனுப்பும்; அதாவது, ஒன்றுவிட்ட வரிகள் கொண்ட அரைப் படங்களாக, நொடிக்கு சுமார் 60. ரெக்கார்டரில் புல்டவுன் நீக்கத்தை (அதை மீண்டும் 24 முழுப் படங்களாக்கும் வசதியை) இயக்காவிட்டால், அசைவுகளின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும்.

புரோரெஸ் 422 எச்க்யூ (ரெக்கார்டர் பதியும் உயர்தர வீடியோ வடிவம்), 1080பி, 25 ஃபிரேம் என்றால் மணிக்குச் சுமார் 83 ஜிபி. பதிவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி டிரைவை அதற்கேற்ப எடுங்கள். கேமராவின் ஆட்டோ பவர் ஆஃப் அணைந்திருக்கட்டும். நீண்ட பதிவுக்கு டம்மி பேட்டரி (பேட்டரி இடத்தில் செருகி வெளியிலிருந்து மின்சாரம் தரும் அடாப்டர்) நல்லது. ஒலி தாமதமாக வருகிறதா என்று ஒருமுறை கைதட்டிப் பதிந்து பாருங்கள்.