பக்கவாதத்துக்குப் பிறகு நடக்க, முதலில் எழுந்து நிற்கப் பழகுங்கள்

பக்கவாதம் வந்தவர் வீடு திரும்பியதும் அவரை நடக்க வைக்கத்தான் எல்லோரும் அவசரப்படுகிறோம். அதற்கு அடித்தளம், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி. பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை பார்த்துச் சரி என்றபின் வீட்டிலேயே தினமும் செய்யலாம்.

கைப்பிடி உள்ள, நகராத நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். ஆரம்பத்தில் இருக்கை சற்று உயரமாக இருந்தால் எளிது. பாதங்களை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைத்து, நன்றாக முன்னே சாய்ந்து எழ வேண்டும். பெரும்பாலும் நல்ல காலிலேயே முழு எடையையும் போட்டு எழுந்துவிடுவார்கள். அங்கேதான் கவனம் வேண்டும். பலவீனமான பாதத்தைச் சற்றே கூடுதலாகப் பின்னால் வைத்தால், அந்தக் காலும் எடை தாங்கப் பழகும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்கட்டும். தொடைக்கு அதுவே நல்ல பயிற்சி.

துணைக்கு நிற்பவர் பலவீனமான பக்கத்தில் நில்லுங்கள். ஆனால் அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு கெட்டுவிடும். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஊன்றுகோல் நல்ல கையில் இருக்கட்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். வீட்டுக்குள்ளும் பின்பட்டை உள்ள செருப்பு போடுங்கள். கால்மிதியைச் சுருட்டி எடுத்து வைத்துவிடுங்கள், இரவில் கழிப்பறை வழியில் ஒரு விளக்கு எரியட்டும்.