பெலுக்கார் மண்ணை ஆழம் வாரியா எடுக்கும்போது பண்ணக்கூடாத தப்புகள்

சிங்கப்பூர் கென்ட் ரிட்ஜ் பூங்கா பக்கம் நடந்திருந்தீங்கன்னா சிம்போ ஆயர், செண்டுடோக், தியுப் தியுப் எல்லாம் மண்டிக் கிடக்குறத பாத்திருப்பீங்க, மலாய்ல பெலுக்கார்னு சொல்ற புதர்க்காடு அதுதான். 19ஆம் நூற்றாண்டுல காம்பீரும் (தோல் பதனிட உதவுற செடி) மிளகும் போட்டு சத்தெல்லாம் உறிஞ்சிட்டு கைவிட்ட நிலங்கள்ல தானா வளந்த காடு, மண்ணுல அமிலம் ஜாஸ்தி, சத்து கம்மி. இதுல எந்த ஆழத்துல என்ன இருக்குன்னு பாக்க வர்ற பசங்க நல்லா உழைக்கிறாங்க, ஆனா தோண்டுற இடத்துலயே கோட்டை விட்டுடுறாங்க.

பெரிய தப்பு, 30 சென்டிமீட்டர் வரைக்கும் தோண்டி எல்லாத்தையும் ஒரே பையில கொட்டிக் கலக்குறது. இல உதிருது, மக்குது, அதுல வர்ற நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் மேலாப்புல இருக்குற வேரு உடனே புடிச்சுக்குது, திரும்ப இலைக்குப் போகுது, இப்படியே சுத்திச் சுத்தி சத்து மேல்மண்ணுலதான் சேருது. கலக்கிட்டீங்கன்னா அந்தக் கதையே அழிஞ்சு போச்சு. 0–5, 5–10, 10–20, 20–30னு தனித்தனியா எடுங்க.

சரி, பூஜ்யம் எங்க ஆரம்பிக்குது? ஒரு தம்பி ஸ்கேல வச்சு அளந்தப்போ பக்கத்துல இருந்தேன், ரெசாம் பெரணி காஞ்சு விழுந்த சருகு மேலேர்ந்து அளந்தாரு, 4 சென்டிமீட்டர் வெறும் சருகு. அவரு 'மேல்மண்'னு எழுதுனதுல பாதிக்கு மேல மண்ணே இல்ல. சருக மெதுவா ஒதுக்கி தனிப்பையில போட்டுட்டு, மண்ணு தெரியிற இடத்துலேர்ந்து அளக்கணும். ஆகர (மண்ணத் துளைச்சு எடுக்குற கருவி) வெளிய இழுக்கும்போது மேல்மண்ணு குழிக்குள்ள சரிஞ்சு விழும், அதையும் வழிச்சு எறிஞ்சிடுங்க.

அடுத்தது சதவீதத்த மட்டும் பாத்து முடிவு கட்டுறது. சும்மா ஒரு கணக்கு போடுவோம்: மேல் 10 செ.மீ.ல நைட்ரஜன் 0.2%, மண் அடர்த்தி லிட்டருக்கு 1 கிலோ, அப்போ ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோ மண்ணுல 200 கிராம். அதுக்குக் கீழ 20 செ.மீ.ல 0.08% தான், ஆனா அடர்த்தி 1.4, அதாவது 280 கிலோ மண்ணு, 224 கிராம் வருது! சதவீதத்துல பாதிகூட இல்ல, மொத்தத்துல கீழதான் ஜாஸ்தி. அதனால அடர்த்தியையும் ஆழத்துக்கு ஆழம் அளந்தே ஆகணும்.

பாஸ்பரஸுல இன்னொரு குழப்பம், லேப்ல 'மொத்தம்'னு வர்றதும் செடிக்குக் கிடைக்குறதும் ஒன்னு இல்ல. அமில மண்ணுல இரும்பும் அலுமினியமும் அத இறுக்கிப் புடிச்சுக்கும், இருந்தும் வேருக்குக் கிடைக்காது.

வெளிநாட்டு வறண்ட புதர்நிலத்துப் படத்த அப்படியே இங்க ஒட்டாதீங்க. அங்க செடிக்கு அடியில சத்து குவிஞ்சு, இடைவெளி வெறிச்சுன்னு கிடக்கும், ஆழத்துல உப்பும் சுண்ணாம்பும் தங்கும். இங்க வருஷத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல மழை, நைட்ரேட்டும் பொட்டாசியமும் அடிச்சுட்டுப் போயிடும். அதுக்காக ஒரே புதருக்கு அடியில மட்டும் தோண்டவும் கூடாது, இடைவெளியிலயும் எடுங்க.

ஈர மண்ண பையில கட்டி வெயில்ல வைக்காதீங்க, உள்ள இருக்குற நுண்ணுயிர் அமோனியத்த நைட்ரேட்டா மாத்திக்கிட்டே இருக்கும், ஐஸ் பெட்டில போடுங்க. தோண்டுறதுக்கு முன்னாடியே தேசியப் பூங்காக் கழகத்துகிட்ட அனுமதி வாங்கிடுங்க.